வள்ளல் சூட்ரோவும் எழுதாமல் விட்ட பத்திரமும்

நம் தமிழ் நூலகக் குழுவின் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடைய நண்பர்களே, வணக்கம்.

சென்ற மாதக் கூட்டத்தின் இறுதியில் கட்டட உரிமையாளர் ஐயா எழுந்து, தம் கட்டடத்தின் மேல்தளம் முழுவதையும் நம் நூலகத்துக்குத் தருவதாகச் சொன்னார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. நானும் உள்ளங்கை சிவக்கத் தட்டினேன். பிறகு நம் செயலாளர் ஒலிபெருக்கியை வாங்கி, "நமக்கும் ஒரு சூட்ரோ கிடைத்துவிட்டார்" என்றார். மறுபடியும் கைதட்டல். அந்த இடத்தில்தான் என் கை நின்றுவிட்டது.

எழுந்து சொல்லியிருக்கலாம். வடையும் கேசரியும் வந்துகொண்டிருந்த நேரத்தில் ஒரு கிழவன் எழுந்து பத்தொன்பதாம் நூற்றாண்டைப் பற்றிப் பேசத் தொடங்கினால் யாருக்குப் பிடிக்கும்? அதனால் எழுதுகிறேன். ஐயாவின் மனத்தில் எனக்கு ஒரு துளிச் சந்தேகமும் இல்லை. அவர் சொன்னதைச் செய்வார் என்றே நம்புகிறேன். என் கவலை, சான் பிரான்சிஸ்கோவின் பழைய மேயரும் வள்ளலுமான சூட்ரோவைப் பற்றியது. அவர் பெயரை வாழ்த்தாகச் சொன்னோம். அவர் கொடுத்ததும் கொடுக்க நினைத்ததும் பிற்பாடு என்ன ஆயின என்று தெரிந்திருந்தால், அந்தப் பெயரை எச்சரிக்கையாகத்தான் சொல்லியிருப்போம்.

நான் சான் பிரான்சிஸ்கோவின் ரிச்மண்ட் பகுதியில் குடியிருப்பவன். கணக்கெழுதி வயிறு வளர்த்து, இப்போது ஓய்வில் இருக்கிறேன். ஞாயிறு காலைகளில் கடலை நோக்கி நடந்தால் சூட்ரோ குளங்களின் இடிபாடுகளில் போய் நிற்பேன். நீங்களும் ஊரிலிருந்து வந்த உறவினர்களை அழைத்துக்கொண்டு போய் அங்கே படம் எடுத்திருப்பீர்கள். தேங்கிய பச்சைத் தண்ணீர், உடைந்த காரைச் சுவர்கள், மேலே கடற்பறவைகள். அந்தச் சுவர்களைக் கட்டிய மனிதர் இந்த ஊருக்கு வந்தபோது சாதாரண வியாபாரி. சுருட்டு விற்றவர்.

அடால்ஃப் சூட்ரோ 1830இல் பிரஷ்யாவின் ஆகன் நகரில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தைக்குக் கம்பளித் துணி ஆலை இருந்தது. தந்தை இறந்தார், அடுத்து 1848 புரட்சி வந்தது, தொழில் நொடித்தது. 1850இல் குடும்பமே அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. மற்றவர்கள் பால்டிமோரில் தங்கிவிட, இருபது வயது அடால்ஃப் மட்டும் பனாமா வழியாக அந்த ஆண்டு நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் வந்து இறங்கினார். ஊரே தங்கத்தின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஓடவில்லை. ஓடுகிறவனுக்குப் புகைக்கச் சுருட்டு வேண்டும் என்று கணக்குப் போட்டுப் புகையிலைக் கடை வைத்தார். கணக்கெழுதியவன் என்ற முறையில் இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம் உண்டு.

1859இல் நெவாடா மலைகளில் காம்ஸ்டாக் வெள்ளிப் படுகை வெளிப்பட்டது. மறு ஆண்டே அங்கே போய்ப் பார்த்தார். டேட்டன் என்ற இடத்தில் தாது அரைக்கும் சிறிய ஆலை ஒன்றை நடத்தினார். அது 1863இல் எரிந்துபோனது. அதற்குள் அவர் மனத்தில் வேறொரு திட்டம் குடிபுகுந்திருந்தது.

வெள்ளி தோண்டுகிறவர்கள் மலை உச்சியிலிருந்து கிணறுபோல நேர்கீழாகத் தோண்டிக்கொண்டு போனார்கள். ஆழம் கூடக்கூடச் சூடு கூடியது. பாறை இடுக்கிலிருந்து வெந்நீர் பீறிட்டது. அந்தத் தண்ணீரை இயந்திரம் வைத்து மேலே இறைக்க வேண்டும். தாதுவையும் மேலேதான் தூக்க வேண்டும். தீப்பிடித்தால் ஆட்களும் அதே வழியாகத்தான் ஏற வேண்டும். சூட்ரோ கேட்டது எளிய கேள்வி: மலையை மேலிருந்து மட்டும் ஏன் குடைய வேண்டும்? அடிவாரத்துப் பள்ளத்தாக்கிலிருந்து உள்நோக்கி, லேசாக மேலேறும் சரிவில் ஒரு சுரங்கவழி குடைந்தால் தண்ணீர் தானாக வெளியே ஓடிவிடும். காற்று உள்ளே வரும். தாது தண்டவாளத்தில் உருண்டு வெளியேறும். ஆட்கள் நடந்தே தப்பிக்கலாம்.

இதற்காக அவர் என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். இந்த மடலின் உயிரே இங்கேதான் இருக்கிறது. முதலில் 1865இல் நெவாடா சட்டமன்றத்திடமிருந்து எழுத்தில் உரிமம் வாங்கினார். அடுத்த ஆண்டு வாஷிங்டனுக்குப் போய், நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற வைத்தார். ஒரு டன் தாதுவுக்கு 2 டாலர் என்று சுரங்கக் கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டார்; சுரங்கவழியால் பயனடையும் கம்பெனிகள் ஒப்பந்தக் கட்டணத்தைக் கட்ட வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இருந்தது. சுருட்டுக் கடையில் நின்ற மனிதர், வருகிற பணம் ஒவ்வொன்றுக்கும் காகிதம் இல்லாமல் ஒரு கல்லைக்கூடப் பெயர்க்கவில்லை.

முதலில் ஆதரித்த கலிபோர்னியா வங்கிக்காரர்கள் விரைவில் எதிரிகளானார்கள். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். சுரங்கவழி வந்தால் தாது ஆலைகளும் ஊரும் வியாபாரமும் மலையடிவாரத்துக்கு, அதாவது சூட்ரோவின் வாசலுக்கு, இறங்கிவிடும். கடன் எல்லாப் பக்கமும் அடைபட்டது. 1869 ஏப்ரல் 7 அன்று எல்லோ ஜாக்கெட் சுரங்கத்தில் தீப்பிடித்து முப்பத்தைந்து பேராவது மாண்டார்கள். வெளியேற மாற்று வழி இருந்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்ற கேள்வியைச் சூட்ரோ தொழிலாளர்கள் முன்னால் வைத்தார். வர்ஜீனியா சிட்டி நாடக அரங்கில் அவர் பேசிய பேச்சைக் கேட்டு, சுரங்கத் தொழிலாளர் சங்கம் 50,000 டாலருக்குப் பங்கு எடுத்துக்கொண்டது. அந்த அக்டோபரிலேயே வேலை தொடங்கியது. பிணங்கள் மேலேறிய ஆறே மாதத்தில் பங்கு திரட்டினாரே என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. அந்தத் தொழிலாளர்கள் சுளிக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது வழி.

ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் குடைந்தார்கள். 1878 ஜூலை 8 அன்று, ஆறு கிலோமீட்டருக்கும் சற்று மேலான அந்தப் பாதை சாவேஜ் சுரங்கத்தைத் தொட்டது. ஆனால் அதற்குள் தோண்டுகிறவர்கள் சுரங்கவழியின் மட்டத்துக்கும் கீழே போய்விட்டிருந்தார்கள். வெள்ளியும் வற்றத் தொடங்கியிருந்தது. கல்யாணம் முடிந்தபின் பந்தல் போட்ட கதை. சூட்ரோ என்ன செய்தார்? தம் பங்குகளைச் சத்தமில்லாமல் விற்றுவிட்டுக் கைநிறையப் பணத்தோடு சான் பிரான்சிஸ்கோவுக்குத் திரும்பினார். மீதிப் பங்குதாரர்கள் எதிர்பார்த்த செல்வம் வரவேயில்லை. வள்ளல் என்று நாம் போற்றுகிறவரின் கொடைக்கு முதல் இப்படித்தான் வந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் கணக்கில் பாதிப் பக்கத்தைக் கிழித்தவனாவேன்.

திரும்பி வந்தவர் நிலம் வாங்கினார். மணல்மேடு, குன்று, கடலோரம் என்று யாரும் சீந்தாத இடங்களாகப் பார்த்து வாங்கினார். ஒரு கட்டத்தில் நகர நிலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு அவரிடம் இருந்ததாகச் சொல்வார்கள். 1881இல் கடலைப் பார்த்த பாறைமேட்டை வாங்கி வீடும் தோட்டமும் அமைத்தார். தோட்டத்தில் பளிங்கு போன்ற சிலைகளை நிறுத்தி, ஊர்மக்களுக்குத் திறந்துவிட்டார். அதுதான் இன்றைய சூட்ரோ ஹைட்ஸ். நகரின் நடுவே இருந்த குன்றில் ஆயிரக்கணக்கில் யூகலிப்டஸ் கன்றுகள் நடவைத்தார். இன்றும் பனி சொட்டச்சொட்ட அந்தக் காடு நிற்கிறது. அதன் பக்கத்தில் வானுயர நிற்கும் மூன்று கால் ஒளிபரப்புக் கோபுரத்தை அவர் கட்டினார் என்று சிலர் நினைக்கிறார்கள். அது 1973இல் வந்தது. பேரன் வீடு இருந்த இடம் என்பதால் அந்தப் பெயர்.

இங்கே ஒரு சின்னச் செய்தி. பாறைமேட்டுக்கு எதிரே கடலுக்குள் இருக்கும் பாறைகளில் கடல்சிங்கங்கள் படுத்துக் கிடக்கும். அவற்றை யாரும் சுடக்கூடாது, தொந்தரவு செய்யக்கூடாது என்று சூட்ரோ விரும்பினார். 1887இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, அந்தப் பாறைகளை நகரத்தின் பொறுப்பில் ஒப்படைத்தது. கடல்சிங்கத்துக்குக்கூடச் சட்டத்தில் பாதுகாப்புத் தேடிய மனிதர்! இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தோட்டத்துக்கு வர ரயில் வேண்டும். நகரத்திலிருந்து கடலோரம் வரை ஓடிய நீராவி ரயில், சதர்ன் பசிபிக் என்ற பெரும் ரயில் கம்பெனியின் கைக்குப் போனது. ஐந்து சென்ட்டில் முடிய வேண்டிய பயணத்துக்கு இரண்டு கட்டணம், ஆகப் பத்து சென்ட் வாங்கினார்கள். கூலிக்காரன் ஒருவன் மனைவியும் மூன்று பிள்ளைகளுமாக ஞாயிற்றுக்கிழமை கடல் பார்த்துவர வேண்டுமானால், போகவும் வரவும் ஒரு டாலர். சூட்ரோ கொதித்தார். கம்பெனியை எட்டுக்கால் கடல்பிராணி என்று ஊரே திட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்தத் திட்டுக்குச் சூட்ரோ தலைமை தாங்கினார். கம்பெனித் தலைவர் ஹண்டிங்டனைக் கேலி செய்யும் வாசகங்களைத் தபால் உறைகளின்மேல் அச்சிட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்பினார். படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன்.

ஆனால் சண்டை முற்றியபோது இன்னொன்றும் செய்தார். மக்களுக்காகத் திறந்துவிட்ட இடத்தைச் சுற்றி வேலி போட்டு, அந்த ரயிலில் வருகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் கேட்டார். கம்பெனியை மடக்கத்தான், மக்கள்மேல் கோபமில்லை. என்றாலும் வேலி வேலிதானே? நேற்றுவரை நம் தோட்டம் என்று பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்தவன், அது தனக்கு உரியதல்ல என்பதை அன்றுதான் கண்டான். உரிமையாளரின் நல்ல மனத்தில்தான் அவன் உட்கார்ந்திருந்தான்.

ரயில் சண்டைதான் அவரை மேயர் ஆக்கியது. 1894 நவம்பரில் மக்கள் கட்சியின் வேட்பாளராக நின்று பெரும் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 1895 ஜனவரி முதல் 1897 ஜனவரி வரை இரண்டு ஆண்டுகள் மேயர். சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் சொல்ல அதிகமில்லை. அன்றைய நகரச் சட்டத்தில் மேயருக்கு அதிகாரம் குறைவு. மேற்பார்வையாளர் குழுதான் எல்லாம், அங்கே அவருக்கு ஆள்பலம் இல்லை. சொன்னதைச் செய்யும் கூலியாட்களை வைத்தே ஆயுள் முழுவதும் வேலை வாங்கியவருக்கு, சொன்னதைக் கேட்காத பன்னிரண்டு பேரோடு உட்காரத் தெரியவில்லை. அவரே பிற்பாடு அதை ஒப்புக்கொண்டார். மேயருக்கு அதிகாரம் கொடுத்த புதிய நகரச் சட்டம், அவர் இறந்தபின், 1900இல்தான் நடைமுறைக்கு வந்தது.

மேயராக அவரால் முடியாததை முதலாளியாகச் செய்தார். 1896 பிப்ரவரியில் தம் சொந்த மின்சார ரயிலை ஐந்து சென்ட் கட்டணத்தில் ஓடவிட்டார். மார்ச் 14 அன்று, இன்று நாம் இடிபாடாகப் பார்க்கும் குளியல் மாளிகையைத் திறந்தார். பதவியில் இருக்கும் மேயர் சொந்த ரயிலையும் சொந்தக் குளத்தையும் ஒரே குளிர்காலத்தில் திறப்பது இன்று நடந்தால் பத்திரிகைகள் தோலை உரித்துவிடும். அன்று ஊர் கொண்டாடியது. கொண்டாடாமல் என்ன செய்யும்? ஏழு குளங்கள், ஒன்றில் நன்னீர், மற்றவற்றில் கடல்நீர், சிலவற்றில் வெதுவெதுப்பாக. மொத்தம் ஏறக்குறைய 17 லட்சம் காலன். கடல் ஏறும்போது தடுப்பைத் திறந்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் நிரம்பிவிடும் அமைப்பு. மேலே முழுக்கக் கண்ணாடிக் கூரை. வாடகைக்கு 20,000 நீச்சலுடை, 40,000 துண்டு. ஒரே நேரத்தில் பத்தாயிரம் பேருக்கு இடம். உள்ளே அருங்காட்சியகம், எகிப்திய மம்மிகூட உண்டு. வேடிக்கை பார்க்க 10 சென்ட், நீந்த 25 சென்ட்.

1897 ஜூலை 4, சுதந்திர தினம். ஜான் ஹாரிஸ் என்ற ஓட்டல் பரிமாறுநர் நண்பர்களோடு அந்தக் குளத்துக்குப் போனார். அவர் கறுப்பர். உள்ளே வந்து வேடிக்கை பார்க்கலாம், தண்ணீரில் இறங்கக்கூடாது என்றார்கள். கறுப்பர் இறங்கினால் வெள்ளைக்காரர்கள் வரமாட்டார்கள் என்பது நிர்வாகம் சொன்ன காரணம். தண்ணீருக்குள் யார் இறங்கலாம், யார் இறங்கக்கூடாது என்ற பேச்சு நம் ஊர்க் கிணற்றடிகளில் கேட்டுப் பழகியதுதான். மறு வாரம் ஹாரிஸ் திரும்பவும் போனார், திரும்பவும் மறுத்தார்கள். பாமர மக்களுக்காகக் கட்டியது என்று முரசறைந்த இடம் அது.

அந்த ஆண்டு மார்ச்சில்தான் கலிபோர்னியா சட்டமன்றம், பொது இடங்களில் நிறத்தைக் காட்டி ஒருவரை விலக்கக்கூடாது என்று சட்டம் இயற்றியிருந்தது. ஹாரிஸ் அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துச் சூட்ரோமேல் வழக்குத் தொடுத்தார், வென்றார். கிடைத்தது 100 டாலர்தான். தொகை சிறியது, ஆனால் அது தயவில் வந்தது அல்ல. முதலாளியின் மனம் இரங்கியதால் திறந்த கதவுகளை முதலாளியின் ஆட்களே மூடினார்கள். ஹாரிஸின் கையில் இருந்த ஒரு தாளை மட்டும் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பாறையில் படுத்த கடல்சிங்கத்துக்குப் பத்தாண்டு முன்பே கிடைத்த காப்பு, பாறைக்கு இந்தப் பக்கம் துண்டோடு நின்ற மனிதனுக்கு அப்போதுதான் கிடைத்தது.

நம் நூலகத்தோடு இதற்கு என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். இப்போது நூலகத்துக்கே வருகிறேன். சூட்ரோவிடம் நான் மெய்யாகவே மனம் பறிகொடுத்த இடம் அது.

1880களின் தொடக்கத்தில் அவருக்குப் புத்தகப் பித்துப் பிடித்தது. உலகத்தின் மிகப்பெரிய தனியார் நூலகங்களில் ஒன்றைத் திரட்டி, அறிஞர்கள் வந்து ஆராய்ச்சி செய்யும்படி சான் பிரான்சிஸ்கோவுக்குத் தர வேண்டும் என்பது ஆசை. ஐரோப்பாவுக்குப் போனார், ஆள்களையும் அனுப்பினார். ஜெர்மானிய மடாலயங்களில் முடங்கிக் கிடந்த நூல்களை மொத்தமாக வாங்கினார். அச்சுக்கலை பிறந்த முதல் ஐம்பது ஆண்டுகளில் அச்சான நூல்கள் மட்டும் ஆயிரக்கணக்கில். ஜெருசலேமில் ஒரு வியாபாரி விட்டுச்சென்ற பழைய எபிரேயக் கையெழுத்துச் சுவடிகளை வாங்கினார். 1889இல் மெக்சிகோ நகரத்தில் ஒரு பழைய புத்தகக் கடையின் சரக்கையே அள்ளிக்கொண்டு வந்தார். மொத்தம் இரண்டு லட்சத்துக்கு மேல். பழைய புத்தகக் கடையில் இரண்டு மணி நேரம் நின்று ஒரே ஒரு புத்தகம் வாங்கி வரும் எனக்கு, இந்த எண்ணிக்கையைப் படிக்கும்போதே மூச்சு முட்டுகிறது.

புத்தகங்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. எங்கே வைத்தார்? பேட்டரி தெருவில் ஒரு கிடங்கிலும் மான்ட்கோமரி பிளாக் என்ற கட்டடத்திலும். நூலகக் கட்டடம் வரப்போகிறது, அதுவரை தற்காலிகமாக. இடமும் மனத்தில் குறித்து வைத்திருந்தார். 1895இல், மேயராக இருந்தபோது, குன்றடியில் 13 ஏக்கரைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மருத்துவம் முதலான தொழிற்கல்லூரிகளுக்குக் கொடுத்தார். அதை ஒட்டியே நூலகம் எழும்ப வேண்டும் என்பது எண்ணம். கல்லூரிகளுக்கான நிலம் முறைப்படி எழுதிக் கொடுக்கப்பட்டது. நூலகத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. கட்டடமும் இல்லை, நிதியும் ஒதுக்கவில்லை, நூல்களை நகரத்துக்கு எழுதியும் வைக்கவில்லை. சுரங்கத்துக்காக வாஷிங்டன் வரை போய்ச் சட்டம் வாங்கிவந்த அதே மனிதர்!

ஏன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். தாம் சாகமாட்டோம் என்று நினைத்தாரா? வாங்கும்போது பத்திரம் கேட்கிறவன், கொடுக்கும்போது 'நான் சொன்னால் போதாதா' என்று நினைப்பது இயல்போ? நம் பாரி முல்லைக்குத் தேரைக் கொடுத்தபோது ஓலை எழுதிக் கையொப்பமா இட்டான்? பாரி இருந்தவரை பறம்பு பாணர்களுக்கெல்லாம் சொந்தம். பாரிக்குப் பின் பறம்பு யாருடையது ஆயிற்று, அவன் மகளிர் எங்கே போனார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

மேயர் பதவியிலிருந்து இறங்கியபின் சூட்ரோவின் நினைவு தடுமாறியது. 1898 பிப்ரவரியில் நீதிமன்றம் அவருடைய மகள் எம்மாவைக் காப்பாளராக நியமித்தது. அவர் ஒரு மருத்துவர். ஆகஸ்ட் 8 அன்று, 68 வயதில், சூட்ரோ இறந்தார். நிலம் ஏராளம், ரொக்கம் குறைவு, வாரிசுரிமை வழக்குகள் ஆண்டுக்கணக்கில். ஐந்து சென்ட் ரயில் கைமாறிப் பெரிய கம்பெனிக்குள் கரைந்தது. புத்தகங்கள் கிடங்கிலேயே கிடந்தன. யாரும் அவற்றை வெறுக்கவில்லை. யாருக்கும் அவற்றைத் தொட அதிகாரம் இல்லை, அவ்வளவுதான். எட்டு ஆண்டுகள்.

1906 ஏப்ரல் 18 விடிகாலை பூமி அதிர்ந்தது. நடுக்கத்தைவிட அதன் பின்னால் வந்த தீதான் ஊரைத் தின்றது. பேட்டரி தெருக் கிடங்கு எரிந்தது. மான்ட்கோமரி பிளாக் எப்படியோ தப்பியது. பாதிக்கு மேற்பட்ட புத்தகங்கள் சாம்பல். ஆயிரக்கணக்கில் வாங்கிய ஆதி அச்சு நூல்களில் பெரும்பாலானவை அதில் போயின. நானூறு ஆண்டுகள் மடாலயத்தில் பத்திரமாக இருந்தவை, வாடகைக் கிடங்கில் இருபது சொச்சம் ஆண்டுகள்கூடத் தாங்கவில்லை. யாழ்ப்பாண நூலகம் எரிந்த செய்தியை இளவயதில் படித்தவன் நான். அது பகைவர் வைத்த தீ. இங்கே பகைவர் யாரும் இல்லை. தள்ளிப் போட்டார்கள், அவ்வளவே.

மிஞ்சியதை 1913இல் குடும்பத்தார் கலிபோர்னிய மாநில நூலகத்துக்குக் கொடுத்தார்கள். இம்முறை எழுத்தில். நூல்கள் சான் பிரான்சிஸ்கோவை விட்டுப் போகக்கூடாது என்ற நிபந்தனையோடு. அந்த ஒரு வரியின் பலத்தைப் பாருங்கள்: அதன்பின் நூலகம் எத்தனையோ முறை இடம் மாறியும் ஊரைத் தாண்டவில்லை. இப்போது சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழக நூலகக் கட்டடத்தில், பொதுமக்களுக்குத் திறந்து இருக்கிறது. நான் போய் உட்கார்ந்து வந்திருக்கிறேன். நீங்களும் ஒருநாள் போங்கள், நம் செயலாளரையும் அழைத்துக்கொண்டு.

எழுதிக் கொடுத்த 13 ஏக்கரில் இன்று புகழ்பெற்ற மருத்துவப் பல்கலைக்கழகம் நிற்கிறது; நம்மில் சிலர் அங்கேதான் வேலை பார்க்கிறோம். குளியல் மாளிகை நட்டத்தில் ஓடி, பின்னர்ப் பனிச்சறுக்குக் கூடமாகி, அடுக்குமாடி கட்ட நினைத்தவர்களுக்கு விற்கப்பட்டு, இடித்துக்கொண்டிருந்தபோதே 1966இல் தீக்கிரையானது. அந்த இடத்தைப் பிற்பாடு தேசியப் பூங்காத் துறை வாங்கியதால்தான் ஞாயிறு காலையில் எனக்கு நடக்க ஓர் இடம் இருக்கிறது. மேட்டில் இருந்த வீடு எம்மா காலமானபின் இடிக்கப்பட்டது. தோட்டம் நகரத்திடம் வந்து, பிறகு அதே பூங்காத் துறையிடம் போனது. இப்போது அங்கே வேலி இல்லை.

என் சொந்த ஊரில், என் அப்பா காலத்தில், ஒரு பண்ணையார் தம் வீட்டு முன்கூடத்தைப் படிப்பகத்துக்கு விட்டிருந்தார். அருமையான மனிதர். நாளிதழ் வரும், வார இதழ் வரும், நான் எழுத்துக்கூட்டிப் படித்ததே அங்கேதான். அவர் போனபின் பிள்ளைகள் பாகம் பிரித்தார்கள். நான் கல்லூரி விடுமுறைக்குப் போனபோது அந்தக் கூடத்தில் யூரியா மூட்டை அடுக்கியிருந்தது. புத்தகங்கள் எங்கே என்று கேட்டேன். பிள்ளைகளும் கெட்டவர்கள் அல்லர், "எந்தப் புத்தகம்?" என்று உண்மையாகவே தெரியாமல் கேட்டார்கள்.

ஆகவே குழுவினரிடம் நான் வேண்டுவது இதுதான். அழைப்பிதழ் அச்சிடுவதற்கு முன், ஐயாவிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள். மேல்தளம் எத்தனை ஆண்டுகளுக்கு என்று எழுத்தில் கேளுங்கள். கட்டடம் விற்கப்பட்டால் வாங்குகிறவரையும் அந்த எழுத்து கட்டுப்படுத்துமா என்று வழக்கறிஞர் ஒருவரைக் கேளுங்கள். நம்மிடையே வழக்கறிஞர்களுக்கா பஞ்சம்? அதற்கும் முன்னால், நம் நூலகத்தைச் சட்டப்படி ஓர் அறக்கட்டளையாகப் பதிவு செய்யுங்கள். இன்று நாம் வாட்ஸ்அப் குழுவாக மட்டுமே இருக்கிறோம். வாட்ஸ்அப் குழுவுக்கு யாரும் எதையும் எழுதிக் கொடுக்க முடியாது. வரும் புத்தகம் ஒவ்வொன்றும் யாருக்குச் சொந்தம் என்று பதிவேட்டில் ஏறட்டும். யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், எந்த ஊர், எந்தச் சாதி, எந்த நாட்டுத் தமிழர் என்ற கேள்வி வாசலில் எழக்கூடாது என்பதும் விதிமுறையில் இருக்கட்டும். நாம் அப்படிக் கேட்கமாட்டோம் என்று சொல்லாதீர்கள். சூட்ரோவும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

இப்படிக் கேட்டால் ஐயா மனம் புண்படும் என்று பொருளாளர் தொலைபேசியில் சொன்னார். புண்படலாம். ஆனால் ஐயா வாழ்நாள் முழுவதும் வியாபாரம் செய்தவர். தாள் இல்லாமல் ஒரு கடைக்குக்கூட அவர் வாடகைக்கு இடம் விட்டிருக்கமாட்டார். தாம் செய்வதையே நாமும் கேட்கிறோம் என்று அவருக்கு உடனே புரியும். இந்த மடலை அவரிடமும் காட்டுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை.

என் வீட்டுக் கூடத்தில் பதினெட்டு அட்டைப்பெட்டிகளில் அறுநூற்றுச் சொச்சம் புத்தகங்கள் கட்டித் தயாராக இருக்கின்றன. என் மனைவி உயிரோடு இருந்தபோதே இருவரும் முடிவு செய்தது. இந்த மடலோடு இரண்டு பக்கத் தாள் ஒன்றை இணைத்திருக்கிறேன்: அந்தப் புத்தகங்களை நூலகத்துக்கு முழு உரிமையோடு மாற்றித் தரும் ஆவணம். என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். சாட்சிகளுக்கு இரண்டு கோடு விட்டிருக்கிறேன். பெற்றுக்கொள்பவர் என்ற இடத்தில் எழுதத்தான் சட்டப்படி ஒரு பெயர் இன்னும் இல்லை. அந்த இடம் காலியாக இருக்கிறது.

அன்புடன்,
ரிச்மண்ட் பகுதியிலிருந்து ஓர் உறுப்பினர்